பெத்லகேம் குறவஞ்சி: பாட்டியற்றலும் ஜெபமும்

பெத்லகேம் குறவஞ்சி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கிறிஸ்தவச் சிற்றிலக்கியம். 1800-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குறவஞ்சி என்னும் தமிழ் வடிவத்தில் இயேசு கிறிஸ்துவைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடியது. கிறிஸ்தவ இலக்கிய வரலாறுகள் இந்நூலை 'பரப்புரை இலக்கியம்' என்ற தலைப்பின்கீழ் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். சமயம் பரப்பும் நோக்கம் இந்நூலில் இல்லாமல் இல்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தால், இதை எழுதியவர் தொண்ணூறு வயதுவரை ஏன் பாடிக்கொண்டே இருந்தார் என்பது விளங்காது. பாட்டு இயற்றுவதையே ஜெபமாகக் கொண்ட ஒருவரின் நூல் இது. அந்த ஜெபம் எதைச் சாதித்தது, எந்த இடத்தில் தடுக்கி நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தஞ்சைப் பின்புலம்

வேதநாயக சாஸ்திரியார் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஜெர்மானிய மிஷனெரி கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னர் தரங்கம்பாடியில் இறையியலோடு வானியல், புவியியல், கணிதம் முதலியவற்றையும் கற்றார். இளம் வயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியரானார். சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த இன்னொருவர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832). கவிஞரும் மன்னரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இளமை முதல் பழகியவர்கள்.

இருவரையும் வளர்த்த சுவார்ட்ஸ் 1798-இல் காலமானார். அவர் நினைவாகச் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே 1779-இல் எழுந்த தேவாலயத்தில் அது இன்றும் இருக்கிறது. மரணப்படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பற்றியிருப்பது போன்ற காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. கிறிஸ்தவர் அல்லாத மன்னர் தம் நன்றியைக் கல்லில் வைத்தார். கிறிஸ்தவரான கவிஞரோ தம் பக்தியை ஏட்டிலும் குரலிலும் வைத்தார்.

அன்றைய தஞ்சை அதற்கு ஏற்ற ஊர்தான். தியாகராஜர் திருவையாற்றில் இருந்தார். சியாமா சாஸ்திரிகள் தஞ்சை நகரிலேயே வாழ்ந்தார். முத்துசுவாமி தீட்சிதர் சாஸ்திரியாரைவிட ஒரு வயதே இளையவர். தேவாரம் பிறந்த காவிரிக் கரையில் கடவுளிடம் பேசுவதென்றால் பாடுவது என்றே பொருள். சாஸ்திரியார் அந்தக் காற்றைச் சுவாசித்தவர். அவருக்கு ஜெபத்தின் இயல்பான மொழி உரைநடை அன்று.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது முதல் சீர்திருத்தச் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள். 'ஞானப்பாட்டு' எனப்பட்ட அவற்றின் மெட்டும் ஜெர்மானியமே. பெப்ரிசியஸ் போன்றோர் அவற்றைச் சிறப்பாகவே தமிழாக்கினர். எனினும் அசை எண்ணி அமைந்த ஐரோப்பிய மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை அடக்கும்போது குறிலும் நெடிலும் தம் இயல்பான இடத்தில் நிற்பதில்லை. பாடுவோர் பொருளைப் பின்தொடர்வதைவிட மெட்டைப் பின்தொடர்வதே மிகும்.

சாஸ்திரியார் இதற்கு மாற்றாக ஊர் அறிந்த வடிவங்களைக் கைக்கொண்டார். குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம், தச்ச நாடகம், மாலை, பதம் என அவர் தொட்ட வடிவங்கள் பல. 'ஞான நொண்டி நாடகம்', 'ஞானத் தச்ச நாடகம்', 'சாஸ்திரக்கும்மி', 'ஜெபமாலை' என்னும் நூற்பெயர்களே அவர் முறையைக் காட்டுகின்றன. தெரிந்த வடிவத்தின் முன்னே 'ஞான' என்ற அடைமொழி வரும். உள்ளே பொருள் மாறும்.

இந்த மாற்றம் வெறும் ஆடை மாற்றமா என்பதே விமரிசனத்தின் முதல் கேள்வி. நொண்டி நாடகத்தை எடுத்துக்கொண்டால் விடை எளிதில் கிடைக்கும். தவறு செய்து காலை இழந்தவன், தன் கதையைத் தானே சொல்லி, கடைசியில் இறைவனருளால் கால் பெறுவதே அவ்வடிவத்தின் மரபு. பாவ அறிக்கையும் மன்னிப்பும் அந்த வடிவத்திற்குள் ஏற்கெனவே இருந்தவை. சாஸ்திரியார் புதிதாகத் திணிக்கவில்லை. உள்ளே இருந்ததைக் கண்டெடுத்தார். குறவஞ்சியிலும் அவர் செய்தது இதுவே.

குறவஞ்சியில் நிகழும் மாற்றம்

குறவஞ்சியின் கதை அமைப்பு நிலையானது. தலைவன் உலா வருவான். தலைவி பந்தாடும் இடத்தில் அவனைக் கண்டு காதல் கொள்வாள், பிரிவால் வாடுவாள். மலைக் குறத்தி வந்து தன் நாட்டு வளமும் மலை வளமும் சொல்லி, கை பார்த்துக் குறி உரைப்பாள். பின் பறவை பிடிக்கும் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவான். இருவரும் சேர்வதோடு நூல் முடியும். 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பெத்லகேம் குறவஞ்சியில் உலா வருபவர் கிறிஸ்து. அவரைக் கண்டு காதலுறும் தேவமோகினி சீயோன் மகள், அதாவது திருச்சபை. குறி சொல்லும் ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவம். சிங்கனும் அவன் துணைவனும் நற்செய்தி அறிவிப்போர். அவர்கள் வீசும் வலை சுவிசேஷம். வலையில் விழும் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

இந்தப் பொருத்தங்களைப் பட்டியலாகப் படித்தால் விடுகதைக்கு விடை எழுதியதுபோல் இருக்கும். பாட்டில் நிகழ்வது வேறு. தலைவியின் பிரிவுத் துயர் தமிழ்ப் பக்தி மரபில் ஆண்டாள் பாசுரங்களிலிருந்து தொடர்ந்து வருவது. விவிலியத்தின் உன்னதப்பாட்டும் மணவாளனைத் தேடும் மணவாட்டியின் குரல்தான். சுவார்ட்ஸ் வந்த ஹாலே பக்தி இயக்கமும் ஆன்மாவைக் கிறிஸ்துவின் மணவாட்டியாகப் பாடிய மரபு. மூன்று ஆறுகள் ஒரு மடையில் சேர்வதுபோல் இவை தேவமோகினியிடம் சேர்கின்றன. இதனால் கவிஞர் ஆணாக இருந்தும் தலைவியின் வாயால் ஏங்க முடிகிறது. ஜெபம் என்பது கேட்டதைப் பெறுவது மட்டுமன்று, காத்திருப்பதும்தான் என்பதை இப்பகுதி எந்த விளக்கமும் இன்றி உணர்த்துகிறது.

குறத்தியின் மலை வளம் இன்னொரு நுட்பமான இடம். தஞ்சை வண்டல் நாடு. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலுமே தவிர மலை கிடையாது. அங்கே குறத்தி பாடும் மலை எப்போதுமே கேட்போர் நேரில் காணாத மலைதான். குற்றால மலையோ விவிலிய மலையோ, கும்பகோணத்து விவசாயிக்கு இரண்டும் சொல் வழியே காணவேண்டியவை. காணாததைச் சொல்லால் காணச்செய்வது குறத்தியின் தொழில். காணாததை உறுதியாகப் பற்றுவது விசுவாசத்தின் இலக்கணம். குறத்தியை விசுவாசமாக்கியது இதனாலேயே பொருந்துகிறது.

தரங்கம்பாடிக் கல்வியும் நூலில் தடம் பதித்துள்ளது. கோள்கள் சூரியனைச் சுற்றும் கோபர்நிக்கசின் வானியலையும், நாடுகள், கண்டங்கள் பற்றிய புவியியலையும் சாஸ்திரியார் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். படைப்பை அறிவது படைத்தவரைப் போற்றுவது என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. பள்ளிப் பாடத்தைப் பாட்டாக்கிய ஆசிரியரின் கையும் இங்கே தெரிகிறது.

நூலின் குறையும் இதே இடத்தில் தொடங்குகிறது. பெயர்ப் பட்டியல்கள் நீளும்போது ஏக்கம் தளர்ந்துவிடுகிறது. எபிரேய, கிரேக்கப் பெயர்கள் தமிழ்ச் சந்தத்திற்குள் எளிதில் அடங்குவதில்லை. எதுகைக்காக வந்த சொல் எது, பொருளுக்காக வந்த சொல் எது என்று வாசகர் அறியத் தொடங்கும் இடங்களில் ஜெபம் நின்று புலமை பேசுகிறது. அரசவையை ஒட்டி வளர்ந்த ஒரு வடிவத்தின் பழக்கம் இது. அதிலிருந்து சாஸ்திரியார் முற்றும் விடுபடவில்லை.

பல்லவி என்னும் திரும்பல்

நூலை ஏட்டில் படிப்பதற்கும் பாடிக் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாஸ்திரியாரின் படைப்புகள் சபை நடுவே தாமும் தம் மாணவரும் பாடி விளக்குவதற்காக எழுதப்பட்டவை. பின்னாளில் அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபமாக இம்மரபைத் தொடர்ந்தனர்.

கீர்த்தனையில் ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். சரணம் புதிய செய்தி சொல்லும். பல்லவி பழைய ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய சொல் சற்று வேறாக ஒலிக்கும், இடையில் ஒரு சரணம் கேட்டிருக்கிறோம் அல்லவா? தியானத்தின் வேலையும் இதுவே. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் தம் நூலுக்கு 'ஜெபமாலை' என்று பெயரிட்டதை இங்கே நினைக்கலாம். கத்தோலிக்கர் கையில் மணி உருட்டிச் செய்வதை அவர் சொல் உருட்டிச் செய்தார் எனலாம்.

பாடலின் இறுதியில் தம் பெயரைப் பதிக்கும் முத்திரை மரபையும் அவர் கைக்கொண்டார். அரசவையில் முத்திரை என்பது உரிமைப் பத்திரம். ஜெபத்தில் அது விண்ணப்பத்தின் கீழ் இடும் கையெழுத்து. பெரிய கோயிலில் நடிக்கப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சி சிவக்கொழுந்து தேசிகர் மன்னர் சரபோஜியைத் தலைவராக்கிப் பாடியது. ஒரே ஊர், ஒரே மன்னர், ஒரே வடிவம். மன்னரின் நண்பராக இருந்தும் சாஸ்திரியார் தம் குறவஞ்சியின் தலைவராக மன்னரை வைக்கவில்லை. அந்தத் தேர்வு ஒரு சமய அறிக்கைக்குச் சமம்.

வழிபாட்டைப் பற்றிய வழக்கு

1820களில் தஞ்சை மிஷன் ஆங்கிலத் திருச்சபை சார்ந்த அமைப்புகளின் கைக்கு மாறியபோது, புதிதாக வந்த மிஷனெரிமார் பழைய வழக்கங்கள் பலவற்றை ஏற்கவில்லை. பெப்ரிசியஸின் விவிலிய மொழிபெயர்ப்புக்குப் பதிலாக இரேனியஸின் திருத்தம் வந்தது. விழாக்களில் பூச்சூடுவதும் தமிழ் இசையோடு கீர்த்தனை பாடுவதும் கண்டிக்கப்பட்டன. சாதிப்படி தனித்தனியே அமர்வதும் ஒழிக்கப்பட வேண்டும் என்றனர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து எழுதினார். மிஷன் வேலையை இழந்த அவரைச் சரபோஜி அரண்மனைக் கவிஞராக ஆதரித்தார்.

பாட்டைப் பொறுத்தவரை சாஸ்திரியாரின் பக்கமே நியாயம் இருந்தது என்பதைக் காலம் காட்டியது. தமிழ் இசை புறச்சமயத்தது என்று ஒதுக்கியவர்கள், ஜெர்மானிய மெட்டுக்கும் ஒரு காலத்தில் சத்திரத்திலும் சந்தையிலும் வாழ்வு இருந்தது என்பதை மறந்தார்கள். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் வெளியிட்ட கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. சபை எல்லைகளைத் தாண்டி அவை இன்றும் பாடப்படுகின்றன.

சாதி என்னும் சோதனை

சாதியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. 'சாதியாசாரசம்பாவினை' முதலிய எழுத்துகளில் சாஸ்திரியார் வேளாளக் கிறிஸ்தவரின் தனி அமர்வை நாட்டு ஆசாரம் என்று காத்து நின்றார். பாட்டைக் காக்க எழுந்த அதே பேனா, ஒரு சாரார் தனியே அமர்ந்து நற்கருணை பெறும் வழக்கத்தையும் காத்தது. 1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே கைவிடும்படி ஆணையிட்டபோது, தஞ்சையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

காலத்தின் பிழை என்று இதைக் கடந்துவிடுவது விமரிசனத்திற்கு அழகன்று. அக்காலத்திலேயே அதைப் பிழை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தேவாலயத்தில் பின்னே ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். மிஷனெரிமாரின் அதிகாரத் தொனியைக் காட்டி இதை நியாயப்படுத்தவும் முடியாது. சொல்லும் விதம் தவறாக இருந்தது என்பதால் சொன்ன செய்தி தவறாகிவிடாது.

இங்கேதான் பெத்லகேம் குறவஞ்சியை மீண்டும் வாசிக்க வேண்டியுள்ளது. 1800-இல் சாஸ்திரியார் விசுவாசத்துக்கு எந்த உருவம் கொடுத்தார்? புலவருக்கோ குருக்களுக்கோ உரிய உருவமன்று. ஊர் ஊராகக் கூடை சுமந்து திரியும் குறத்தியின் உருவம். அரண்மனை வாசலில் நின்று அவள் குறி சொல்கிறாள். குறி சொல்ல வேண்டுமானால் தலைவியின் கையை அவள் பற்ற வேண்டும். திருச்சபையாகிய தேவமோகினி கையை நீட்டுகிறாள். குறத்தி தொட்டாலன்றித் தலைவிக்கு நற்செய்தி கிடையாது. வடிவத்தின் விதி அது.

பழைய குறவஞ்சிகளிலும் இந்தத் தொடுதல் உண்டு. அங்கே அது பெரும்பாலும் வேடிக்கையோடு முடியும். குறத்தி பரிசு பெற்றுப் போய்விடுவாள், சமூகம் இருந்தபடி இருக்கும். சாஸ்திரியாரும் இந்த மரபின் வழியே குறத்தியை ஏற்றார். சாதியை மறுக்கும் எண்ணத்தோடு ஏற்றார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் குறத்தியை விசுவாசம் என்று பெயரிட்ட பிறகு அவளை வாசலோடு அனுப்பிவிட முடியாது. அவர் உரைநடை மறுத்ததை அவர் பாட்டு ஒப்புக்கொண்டுவிட்டது.

இதைக் கவிஞரின் இரட்டை வேடம் என்று தள்ளுவதைவிட, ஜெபமாகிய கலையின் இயல்பு என்று காண்பது பொருத்தம். வாதம் செய்யும்போது ஒருவர் தாம் ஏற்கெனவே அறிந்ததையே நிறுவுகிறார். பாடும்போது வடிவம் அவரைத் தாம் அறியாத இடத்திற்கும் இட்டுச் செல்கிறது. அங்கே சென்று கண்டதை வாழ்வில் கொண்டுவருவது தனி வேலை. அந்த வேலையைச் சாஸ்திரியார் செய்யவில்லை. கலையாக வெளிப்பட்ட ஜெபம் கலைஞரைத் தானாகவே திருத்திவிடாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

பின்வந்த இருவர்

காவிரிப் படுகையில் இந்த மரபு இரண்டு வேறு வழிகளில் தொடர்ந்தது. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இயற்றினார். எச்சமயத்தவரும் பாடத்தக்க பொதுப்பெயர்களால் கடவுளை அழைத்தார். 1870களின் பஞ்சத்தின்போது அவர் பாடிய பாடல்களில் ஜெபமும் பசியின் முறையீடும் ஒன்றாயின. சாஸ்திரியார் வடிவத்தைப் பொதுவில் எடுத்துப் பொருளைச் சபைக்கு உரியதாக்கினார். பிள்ளையோ பொருளையும் பொதுவாக்கினார். அதில் அகலம் கூடியது. பெத்லகேம் குறவஞ்சியின் கதைச் செறிவும் பெயர் சொல்லி அழைக்கும் நெருக்கமும் குறைந்தன.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியதோடு, 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசை ஆய்வு நூலை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு முன் தேவாலயத்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்ட இசையின் சுருதிக் கணக்கை, கிறிஸ்தவர் ஒருவரே தமிழ் நூல்களைக் கொண்டு ஆராய்ந்து நிறுவ முற்பட்டார். சாஸ்திரியார் தொடங்கிய வழக்குக்கு இதைவிட முழுமையான மறுமொழி இருக்க முடியாது.

மதிப்பீடு

பெத்லகேம் குறவஞ்சி குறையற்ற நூல் அன்று. பட்டியல்கள் மிகுதி, சந்தம் சில இடங்களில் பெயர்களோடு மல்லுக்கு நிற்கிறது, புலமை பக்தியை மறைக்கும் பகுதிகளும் உண்டு. இருந்தும் திருக்குற்றாலக் குறவஞ்சிக்குப் பின் அவ்வடிவத்தில் புதிய பொருளாழம் கண்ட நூல்களில் இதற்கு இடம் உண்டு. தலைவியின் ஏக்கத்தைத் திருச்சபையின் காத்திருப்பாகவும், குறத்தியின் குறியை விசுவாசத்தின் வாக்காகவும் மாற்றியது ஓர் உண்மையான இலக்கியக் கண்டுபிடிப்பு.

இந்நூலைப் படிக்கும் மாணவர் இரண்டு உண்மைகளை ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். தமிழில் தமிழாகவே ஜெபிக்கும் உரிமையைப் போராடிக் காத்தவர் சாஸ்திரியார். அந்த ஜெபத்தில் எல்லோரும் ஒரே பாயில் அமர்வதை மறுத்தவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் நூலும் பாதியாகிவிடும். அவர் பாடல்களைப் பாடும் சபைகளுக்கு இன்று வேறொரு கடமை இருக்கிறது. குறத்தி ஏற்கெனவே உள்ளே வந்து, கையைப் பற்றிக் குறி சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்கு எங்கே இடம் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே.